குழந்தைகளின் மருத்துவக் காப்பீட்டு மசோதாவை 2007-இல் புஷ் ஏன் தடுத்தார்?

கேள்வி:
அமெரிக்க அரசியலைப் பாடமாகப் படித்துவருகிறேன். 1997-இல், ஜனநாயகக் கட்சியின் எட்வர்ட் கென்னடியும் குடியரசுக் கட்சியின் ஓரின் ஹாட்சும் சேர்ந்து முன்னெடுத்து, அதிபர் கிளிண்டன் கையெழுத்திட்ட குழந்தைகள் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் எஸ்-சிப். ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்டைப் பெற முடியாத அளவுக்குச் சற்றுக் கூடுதல் வருமானம் இருந்தும், தனியார் காப்பீட்டுக்குப் பிரீமியம் கட்ட வழியில்லாத குடும்பங்களின் பிள்ளைகளுக்காக அது வந்தது. பத்தாண்டு கழித்து அதை விரிவாக்கும் மசோதா இரு கட்சியினரின் ஆதரவோடு நிறைவேறியும், 2007 அக்டோபர் 3 அன்று அதிபர் ஜார்ஜ் புஷ் அதை வீட்டோ செய்தார், அதாவது கையெழுத்திட மறுத்துத் தடுத்தார். அதற்கு அவர் தரப்பில் சொல்லத்தக்க நியாயம் ஏதேனும் உண்டா?

பதில் 1:
உண்டு, அம்மா. நான் அந்த வீட்டோவை ஆதரிப்பவன் அல்லன். ஆனாலும் அதன் வாதத்தைச் சரியாக எடுத்துச் சொல்ல வேண்டும். திட்டமே வேண்டாம் என்று புஷ் சொல்லவில்லை. ஐந்தாண்டுகளுக்கு 5 பில்லியன் டாலர் கூடுதலாகத் தர அவர் முன்வந்தார். அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் கேட்டதோ 35 பில்லியன். எந்த வருமானம் வரை அரசு உதவ வேண்டும் என்பதில்தான் உண்மையான சண்டை. அவ்வாண்டு நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு வறுமைக்கோடு 20,650 டாலர். அதன் இரு மடங்கான 41,300 டாலருக்குள் இருப்போரை முதலில் முழுமையாகச் சேர்க்க வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. நியூயார்க் மாநிலமோ நான்கு மடங்கு வரை, அதாவது 82,600 டாலர் வரை, போக விரும்பியது. திட்டத்தில் சேரும் ஒவ்வொரு 100 குழந்தைகளுக்கும் 25 முதல் 50 குழந்தைகள் வரை தனியார் காப்பீட்டிலிருந்து குறைகிறார்கள் என்று காங்கிரஸின் வரவுசெலவு அலுவலகமே மதிப்பிட்டிருந்தது. ஏற்கெனவே காப்பீடு உள்ளவரை அரசுச் செலவுக்கு மாற்றுவதற்கு வரிப்பணம் எதற்கு என்ற கேள்வியை எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

பதில் 2:
மேலே எழுதிய நண்பர் கணக்கைச் சரியாகவே தந்திருக்கிறார். ஆனால் அதே கணக்கை மறுபக்கத்திலிருந்தும் படிக்க வேண்டும்: மதிப்பீட்டின் உச்ச எண்ணை எடுத்துக்கொண்டாலும், சேரும் குழந்தைகளில் பாதிப் பேர் அதற்கு முன் எந்தக் காப்பீடும் இல்லாதிருந்தவர்கள். மேலும், நியூயார்க்கின் கோரிக்கையை மத்திய நிர்வாகம் வீட்டோவுக்கு முன்பே, செப்டம்பரில், நிராகரித்துவிட்டது. அவ்வாண்டு முதலாளிகள் வழியாகப் பெறும் குடும்பக் காப்பீட்டின் சராசரி ஆண்டுச் செலவு 12,000 டாலரைத் தாண்டியிருந்தது. முதலாளி பங்கு தராத இடத்தில் வேலை செய்யும் ஒருவர், 41,300 டாலர் சம்பளத்தில் ஏறக்குறைய முப்பது சதவீதத்தை இதற்கே எடுத்துவைக்க வேண்டியிருக்கும். அவர் எப்படிக் கட்டுவார்?

எனக்கு மறக்க முடியாதது வேறொன்று. அதே 2007 பிப்ரவரியில், மேரிலாந்தில் பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் சொத்தைப் பல்லில் தொடங்கிய தொற்று மூளைக்குப் பரவி இறந்துபோனான். அந்தப் பல்லைப் பிடுங்க ஏறத்தாழ 80 டாலர் போதுமாயிருந்தது. அவன் மெடிக்கெய்டு வரம்புக்குள் வரும் பிள்ளை. அந்தக் குடும்பத்தின் காப்பீடு இடையில் விட்டுப்போயிருந்தது. ஏழைப் பிள்ளைகளுக்கும் பதிவும் புதுப்பிப்பும் எவ்வளவு பெரிய தடை என்பதை இது காட்டியது. வருமான எல்லையைப் பற்றி மட்டும் பேசிய இரு தரப்பாரும் இதைப் போதிய அளவு பேசவில்லை என்பது என் ஆதங்கம். இத்திட்டத்தை விரிவாக்கிய 2009 சட்டத்தில் பல் மருத்துவம் கட்டாயமாக்கப்பட்டது அதன் பிறகுதான்.

கேட்டவர்:
மிக்க நன்றி. அந்தச் சிறுவனைப் பற்றி நான் அறிந்திருக்கவில்லை. வீட்டோவை மீறும் வாய்ப்பு இருக்கவில்லையா? செலவுக்கு எங்கிருந்து பணம் எடுக்கத் திட்டமிட்டார்கள்?

பதில் 3:
வீட்டோவை மீற இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வாக்குகள் வேண்டும். மேலவையான செனட்டில் 67 பேர் மசோதாவை ஆதரித்திருந்தார்கள். ஆகவே அங்கே அது கிடைத்திருக்கும். பிரதிநிதிகள் சபையில்தான் அக்டோபர் 18 வாக்கெடுப்பு 273-க்கு 156 என்று முடிந்து, பதின்மூன்று வாக்குகள் குறைந்தன. டிசம்பரில் இரண்டாவது மசோதாவும் அதே கதிக்குள்ளானது. பணத்துக்கான வழி, சிகரெட் பாக்கெட்டுக்கான 39 சென்ட் மத்திய வரியை ஒரு டாலராக உயர்த்துவது. வரியின் பாரம் பெரிதும் ஏழைப் புகைப்பாளர்கள் மீதே விழும் என்ற எதிர்ப்பில் உண்மை இருக்கிறது. புகைப்பழக்கம் குறையக் குறைய வருவாயும் குறையும் என்பதும் சரிதான்.

கடைசியில் 2009 பிப்ரவரி 4 அன்று விரிவாக்க மசோதாவில் அதிபர் ஒபாமா கையெழுத்திட, வரி 1.01 டாலரானது. சட்டப்படி குடியேறியவர்களின் குழந்தைகள் ஐந்தாண்டு காத்திருக்க வேண்டும் என்ற விதியை மாநிலங்கள் தளர்த்தலாம் என்றும் அச்சட்டம் அனுமதித்தது. அமெரிக்காவிலுள்ள நம் குடும்பங்களுக்கும் அது முக்கியமான மாற்றம். திட்டத்தைத் தொடங்கிவைத்த ஹாட்ச் அந்த முறை எதிர்த்து வாக்களித்ததற்கு இப்பிரிவும் ஒரு காரணம். 2017 செப்டம்பர் 30 அன்று நிதி மீண்டும் காலாவதியாகி, மறு ஜனவரி 22 வரை ஏறத்தாழ நான்கு மாதங்கள் பெற்றோர் பதற்றத்தோடு காத்திருந்தார்கள். இப்போதைய ஒதுக்கீடு 2029 நிதியாண்டு வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது.