ஓவியரின் நடை மாறுவதற்கு ஒரு சொல்

கொழிஞ்சாம்பாறை, செவ்வாய் இரவு

தமிழ்ச் சொல் தேடும் நம் குழுவினருக்கு வணக்கம். ஓர் அவசரம்.

கேரள எல்லையில் இருக்கிற எங்கள் பள்ளியில் வெள்ளிக்கிழமை ஓவியக் கண்காட்சி. அசல் படங்கள் இல்லை, அச்சுப் படங்கள்தான். கே.சி.எஸ். பணிக்கர் ஒருவருடைய படங்களை மட்டும் கால வரிசையில் மாட்டுகிறோம். முதலில் தென்னையும் கால்வாயுமாக நீர்வண்ணக் காட்சிகள். அப்புறம் 1950களின் மனித உருவங்கள். கடைசியில் 1963இல் தொடங்கிய 'சொற்களும் குறியீடுகளும்' வரிசை. பேனருக்கு மலையாளப் பிரிவு ஆசிரியர் 'ஷைலீபரிணாமம்' என்று எழுதிக் கொடுத்துவிட்டார்; ஷைலீ என்றால் பாணி. தமிழ்ப் பிரிவுக்கு நான் எழுத வேண்டும். வியாழன் காலை அச்சுக்குப் போகிறது.

'பாணி வளர்ச்சி' என்று எழுதி அடித்துவிட்டேன். அந்த நீர்வண்ணப் படங்களில் தண்ணீர் மேல் விழுந்திருக்கிற வெளிச்சத்தைப் பார்த்த பிறகு, அதை வளராத காலத்து வேலை என்று பிள்ளைகளிடம் சொல்ல எனக்கு வாய் வராது. பத்தாம் வகுப்புக்குப் புரிகிற மாதிரி ஒரு சொல் தாருங்கள்.

குப்பம், புதன் காலை

'பாணி மாற்றம்' போதும், டீச்சர். எல்லாருக்கும் தெரிந்த சொற்கள்.

'பரிணாமம்' மட்டும் வேண்டாம். ஒன்று போய் அதைவிட மேலான இன்னொன்று வரும் என்ற எண்ணம் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிக்காசோ 1921இல் 'மூன்று இசைக்கலைஞர்கள்' படத்தை வெட்டி ஒட்டிய காகிதம் போலத் தட்டையாகத் தீட்டினார். அதே கோடையில் 'ஊற்றருகே மூன்று பெண்கள்' படத்தைக் கற்சிலை போலத் திரட்சியாகத் தீட்டினார். எதிலிருந்து எது பரிணமித்தது?

செங்கோட்டை, புதன் மதியம்

பரிணாமம் வேண்டாம் என்பதில் தம்பியோடு ஒத்துப்போகிறேன். பாணியை மட்டும் ஒப்பமாட்டேன். 'ஆடலும் பாடலும் பாணியும் தூக்கும்' என்று சிலம்பின் அரங்கேற்று காதையில் வருகிற பாணி, தாளம். பாணித்தல் என்றால் காலம் தாழ்த்துதல். பாகு காய்ச்சுகிறவருக்கு வெல்லக் குழம்பும் பாணி. இத்தனையும் சுமக்கிற சொல்லின் தலையில் ஓவியத்தையும் ஏற்ற வேண்டுமா?

நம்மிடம் 'நடை' இருக்கிறது. மாறுவதற்குத் 'திரிதல்' இருக்கிறது. மெய் பிறிதாதல், மிகுதல், குன்றல் என்று தொல்காப்பியர் புணரியலில் திரியும் வகை மூன்று சொன்னார். நன்னூலார் தோன்றல், திரிதல், கெடுதல் என்றார். டீச்சர் சொன்ன பணிக்கரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1963க்குப் பிறகு எழுத்தும் கட்டமும் தோன்றுகின்றன. மனித உருவம் குறியாகத் திரிகிறது. தூரம் காட்டும் வெளி கெடுகிறது. மூன்றும் ஒரே திரைச்சீலையில் நடக்கின்றன. இரண்டு சொற்கள் சேர்கிற புணர்ச்சியில் எழுத்து மாறினாலும், முன்னால் நிற்கிற நிலைமொழியை நாம் அடையாளம் காண்கிறோம் இல்லையா? ஓவியரிடமும் அப்படித்தான்.

இளங்கோவடிகள் காடுகாண் காதையில் முல்லையும் குறிஞ்சியும் 'முறைமையின் திரிந்து' பாலை என்பதோர் படிவம் கொள்ளும் என்கிறார். நிலம் அதேதான், கோலம் வேறு. இதைவிட நல்ல சான்று கிடைக்காது. 'நடைத்திரிபு' என்று போடுங்கள்.

குப்பம், புதன் மாலை

அண்ணாச்சி, சிலப்பதிகார வரி அழகு. ஆனால் அதே இடத்தில் 'நல்லியல்பு இழந்து' என்றும் வருகிறதே! பாலையாக மாறுவது கேடுதான் அங்கே. இன்றைக்கும் பால் திரிந்துவிட்டது என்றால் கொட்டத்தான் வேண்டும். செய்தித்தாளில் 'வரலாற்றுத் திரிபு' என்றால் பொய் என்று பொருள். பெரிய ஓவியருடைய படங்களுக்கு மேலே 'திரிபு' என்று எழுதி மாட்டினால், அவர் எதையோ கெடுத்துவிட்டார் என்றுதான் பிள்ளைகள் நினைப்பார்கள்.

ஆந்திர எல்லையில் நான் இருக்கிற ஊரில் வீட்டுக்குள் தமிழ், தெருவில் தெலுங்கு, பேருந்து ஏறினால் கன்னடம். இங்கே தமிழ் படிக்க வருகிற பிள்ளைக்கு முதல் தடவையே புரியாத சொல்லைக் கொடுத்தால், அடுத்த தடவை அது தெலுங்குச் சொல்லுக்குப் போய்விடும். இது வருத்தமாக இருக்கிறது, அதனால்தான் கறாராகச் சொல்கிறேன். தெளிவும் ஒரு தூய்மைதான்.

மார்த்தாண்டம், புதன் இரவு

நான் இலக்கணம் படித்தவன் இல்லை. முப்பது வருடம் கடைப் பலகை எழுதினேன், இப்போது படம் போடுகிறேன். எங்கள் தொழிலில் நடை என்றோ பாணி என்றோ சொல்ல மாட்டோம். 'கை' என்போம். பலகையைப் பார்த்ததும் இது இன்னார் கை என்று தெரிந்துவிடும். 'அவருக்குக் கை மாறிப்போச்சு' என்றும் பேசிக்கொள்வோம்.

ஓவியர் கே.எம். ஆதிமூலத்தைச் சொல்லலாம். காந்தி நூற்றாண்டான 1969ஐ ஒட்டி அவர் காந்தியைக் கோட்டோவியங்களாக வரைந்து தள்ளினார். அச்சில் பார்த்து அப்படியே போட முயன்றிருக்கிறேன். ஒரு கன்னத்தின் நிழலுக்கு மட்டும் பேனா எத்தனை தடவை குறுக்கும் நெடுக்கும் போயிருக்கிறது! அடர்த்தியான இடத்தில்கூடக் கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவில் காகிதத்தின் வெள்ளை மூச்சுவிடுகிறது. பிற்காலத்தில் அவரே எண்ணெய் வண்ணத்தில் உருவமே இல்லாத படங்களுக்குப் போனார். கோடு காணோம். கத்தியால் இழுத்த மாதிரி வண்ணப் பட்டைகள். ஆனால் ஒரு பட்டை இன்னொன்றைத் தொடுகிற விளிம்பைப் பாருங்கள், அந்த நடுங்குகிற ஓரம் பழைய பேனாவுடையது. கை போகவில்லை, வேறு வேலைக்குப் போயிருக்கிறது. இதற்கு என்ன சொல் வைப்பீர்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

செங்கோட்டை, புதன் நள்ளிரவு

மார்த்தாண்டத்து நண்பரே, 'புனையா ஓவியம்' என்று நெடுநல்வாடை சொல்வது வண்ணம் தீட்டாத கோட்டோவியத்தைத்தான். காந்தி படங்களை இனி அப்படியே அழைக்கலாம். மதுரைக்காஞ்சி ஓவியரைக் 'கண்ணுள் வினைஞர்' என்கிறது, 'நுழைந்த நோக்கின்' என்று அடையும் கொடுக்கிறது. சங்கத்தார் கண்ணைச் சொன்னார்கள், நீங்கள் கையைச் சொல்கிறீர்கள். எனக்கு இரண்டும் வேண்டும். ஆனால் 'கைமாற்றம்' என்றால் கடன் என்று ஆகிவிடுமே.

கொழிஞ்சாம்பாறை, வியாழன் அதிகாலை

தூங்காமல் வாசித்தேன். நேற்று வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன்.

'சொற்களும் குறியீடுகளும்' படம் ஒன்றைப் பலகையில் மாட்டினேன். ஜாதகக் கட்டங்கள், பாம்பு போல நெளிகிற ஒரு வரி, இடையெல்லாம் பொடி எழுத்துகள். எங்கள் பிள்ளைகள் தமிழும் மலையாளமும் படிப்பார்கள். எழுத்தைப் பார்த்ததும் நாலைந்து பேர் எழுந்து வந்து விரல் வைத்து வாசிக்கப் பார்த்தார்கள். மலையாளம் மாதிரியே இருக்கிறது, ஆனால் ஒரு சொல்லும் தேறவில்லை. 'டீச்சர், எழுத்து இருக்கு, வாசிக்க வரல' என்றாள் ஒருத்தி. பக்கத்தில் பழைய கால்வாய்ப் படம் இருந்தது. இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, 'இவரு எங்க வச்சுத் திரிஞ்சாரு?' என்று கேட்டாள்.

அந்தத் 'திரிஞ்சாரு' பால் திரிந்தது இல்லை, அண்ணாச்சி. எங்கள் தாலுகாவில் பாலக்காட்டு ரோட்டில் போய் 'வலத்தே திரியணும்' என்றுதான் வழி சொல்வோம். வழி பிரிகிற இடம் திருப்பமும்தான், திரிவும்தான். மலையாளத்தில் 'வழித்திரிவு' என்பார்கள். அதனால் 'நடைத்திரிவு' என்றால் எங்கள் பிள்ளைகளுக்குக் கேடு தோன்றாது, வளைவு தோன்றும். குப்பத்துக்கு எப்படித் தோன்றும் என்று தெரியவில்லை.

சம்பந்தம் இல்லாத ஒன்று: எங்கள் பக்கத்துச் சித்தூர்ப் புழை என்கிற ஆற்றங்கரையில், மலையாள மொழியின் தந்தை எனப்படும் கவிஞர் எழுத்தச்சன் கடைசிக் காலத்தில் தங்கியதாகச் சொல்லும் மடம் இருக்கிறது. அந்தப் புழைத் தண்ணீர் பாரதப்புழையில் சேர்ந்து பொன்னானியில் கடலுக்குப் போகிறது. கோயம்புத்தூரில் பிறந்த பணிக்கர் பள்ளியில் படித்த ஊர்களில் அந்தப் பொன்னானியும் ஒன்று. ஆற்றின் ஒரு முனையில் எழுத்தைக் கற்றுக்கொடுத்தவர், மறுமுனையில் எழுத்தை வாசிக்க முடியாதபடி தீட்டியவர். இதைப் பேனரில் போட இடம் இல்லை, உங்களிடமாவது சொல்லிவிட்டேன்.

குப்பம், வியாழன் காலை

டீச்சர், உங்கள் ஊருக்கு 'திரிவு' சரி. எங்கள் ஊருக்கு அது சுற்றித் திரிவதுதான். வேலை வெட்டி இல்லாதவன் திரிவான். ஒரு சொல் பாலக்காட்டுக் கணவாய்க்கு ஒரு பொருளும் பாலாற்றங்கரைக்கு ஒரு பொருளும் தந்தால் அதை எப்படிக் கலைச்சொல் என்பது? பாணி மாற்றம் என்றே போடுங்கள். என் வாக்கு அதற்குத்தான்.

மார்த்தாண்டம், வியாழன் காலை

எனக்கும் பாணி மாற்றம் போதும். பலகை எழுதினவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஆறெழுத்துதான், பெரிசாக எழுதலாம், தூரத்திலிருந்தும் தெரியும்.

கொழிஞ்சாம்பாறை, வியாழன் மதியம்

அச்சுக்குக் கொடுத்தாகிவிட்டது. பேனரில் 'பாணி மாற்றம்' என்றுதான் போகிறது. இரண்டு பேர் அதைச் சொன்னீர்கள், இன்னும் சிலர் தனி மடலிலும் அதையே சொன்னார்கள். கால்வாய்ப் படத்துக்கும் எழுத்துப் படத்துக்கும் நடுவில் ஒட்டும் சின்ன அட்டையில் மட்டும், 'இங்கே திரிகிறார்' என்று என் கையால் எழுதி வைக்கிறேன்.

செங்கோட்டை, வியாழன் இரவு

அட்டைக்கு நன்றி, டீச்சர். நாங்களும் 1956 வரை திருவிதாங்கூரில் இருந்தவர்கள். 'வலத்தே திரி' என்று எங்கள் ஆச்சி சொல்லிக் கேட்டிருக்கிறேன், நீங்கள் சொன்ன பிறகுதான் நினைவு வந்தது. ஆகவே திரிபை விட்டுத் திரிவுக்கு வருகிறேன். பாணிக்கு என் மறுப்பு மறுப்பாகவே இருக்கட்டும். அடுத்த ஆண்டுக் கண்காட்சிக்கு முன்னால் இதை மறுபடி எடுப்போம். ஓவியரின் கடைசிக் காலப் படங்களுக்கு 'முதுநடை' என்று ஒரு சொல் வைத்திருக்கிறேன், அதையும் அப்போது பேசலாம்.