கட்டணத்தை ஒப்பிட்டே மூன்று மாதம் போயிற்று

புதுமுகம்:
முதன்முறையாக முதலீடு செய்யப் போகிறேன். கையில் 1,000, இனி மாதம் 50. எந்த நாணயம் என்பது இங்கே முக்கியமில்லை. மூன்று தளங்களைப் பார்த்து வைத்திருக்கிறேன். முதலாவது, இருக்கும் தொகையில் ஆண்டுக்கு 0.45% எடுக்கும். இரண்டாவது, எவ்வளவு இருந்தாலும் ஆண்டுக்கு 60. மூன்றாவது 'கட்டணமே இல்லை' என்கிறது. மூன்று மாதமாக அட்டவணை போடுகிறேன், அழிக்கிறேன். எதில் சேரலாம்?

கணக்கன்:
இரண்டாவதை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். 1,000-க்கு 60 என்றால் 6%. முதலாவதில் 4.50தான். தொகை சுமார் 13,300-ஐத் தாண்டினால்தான் இரண்டாவது மலிவு.
தளக் கட்டணத்தோடு கணக்கு முடிவதில்லை. ஃபண்ட், அதாவது பலர் பணத்தைச் சேர்த்து முதலீடு செய்யும் திட்டம், அதன் ஆண்டுச் செலவு தனி. அதற்கு யாரும் பில் அனுப்ப மாட்டார்கள், யூனிட் (ஃபண்டில் நீங்கள் வாங்கும் கூறு) விலையிலேயே தினமும் கழிந்துகொண்டிருக்கும். 100 போட்டு 30 ஆண்டு 7% வளர்ந்தால் 761. செலவில் ஒரு சதவீதம் போய் 6% ஆனால் 574. கிட்டத்தட்ட கால்வாசி காணோம்.

சோம்பேறி:
வந்தவரை 30 ஆண்டுக் கணக்கு காட்டி மிரட்டாதீர்கள். 0.45-க்குப் பதில் 0.25 தளம் கிடைத்தாலும் 1,000-க்கு ஆண்டுக்கு 2தான் மிச்சம். உங்கள் 7% கணக்கிலேயே, மூன்று மாதம் சும்மா கிடந்ததில் போனது சுமார் 17. எட்டு ஆண்டு மிச்சம் பிடிக்க வேண்டிய காசு!

கணக்கன்:
7% யார் எழுதிக் கொடுத்தது? அந்த மூன்று மாதம் சந்தை இறங்கியிருந்தால் காத்திருந்ததே லாபம். கட்டணம் அப்படியில்லை, ஏறினாலும் எடுப்பான், இறங்கினாலும் எடுப்பான். அதோடு 1,000 எப்போதும் 1,000 ஆகவே இருக்காது.

சோம்பேறி:
பெருகட்டும், அப்போது வேறு தளத்துக்கு மாறிக்கொண்டால் போச்சு.

கணக்கன்:
நீங்கள் மாறினீர்களா?

சோம்பேறி:
...இல்லை. ஆறு வருடமாக அதே இடம்தான். மாறப் பார்த்தேன், ஒவ்வொரு ஃபண்டையும் மாற்றித் தரத் தனித்தனியாகக் காசு கேட்டார்கள். விற்றுவிட்டுப் போகலாமென்றால் லாபத்துக்கு வரி. சரி, அதில் உங்கள் பக்கம் நியாயம். மூன்று மாத அட்டவணையை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

எறும்பு:
மூன்றாவது தளத்தை இரண்டு பேருமே தொடவில்லையே. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். இந்த மாட்டைப் பார்க்கத்தான் வேண்டும். வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவில் எடுப்பார்கள், நாணயம் மாற்றும்போது எடுப்பார்கள், கணக்கில் சும்மா கிடக்கும் பணத்தின் வட்டியை வைத்துக்கொள்வார்கள். உங்கள் ஆர்டரை வேறு வர்த்தக நிறுவனத்துக்கு அனுப்பி அங்கே காசு வாங்குவதும் உண்டு. கமிஷன் இல்லை என்று பெயர் வாங்கிய அமெரிக்கத் தளம் ராபின்ஹுட், இந்த வருமானத்தை வாடிக்கையாளரிடம் சரியாகச் சொல்லவில்லை என்ற புகாரில், 2020 டிசம்பரில் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையத்துக்கு 65 மில்லியன் டாலர் கட்டச் சம்மதித்தது. புகாரை ஒப்புக்கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை.
நீங்கள் வாங்கப்போகும் ஃபண்ட் எந்த நாணயத்தில்?

புதுமுகம்:
வேறு நாணயத்தில்தான்! இப்போதுதான் மூன்றாவது தளத்தின் கட்டணப் பட்டியலைக் கடைசிவரை படித்தேன். நாணய மாற்றுக்கு 1%. முதல் 1,000-க்கு 10, பிறகு மாதம் 0.50. முதல் ஆண்டில் மட்டும் 16. முதலாவது தளத்தில் அதே ஃபண்ட் என் நாணயத்திலேயே கிடைக்கிறது, முதல் ஆண்டுக்குச் சுமார் 6-இல் முடிந்துவிடும். கணக்கு திறந்துவிட்டேன்.

கணக்கன்:
நல்லது. வெளியேற எவ்வளவு கேட்கிறார்கள் என்று பார்த்தீர்கள் அல்லவா?

புதுமுகம்:
பார்க்கவில்லையே.

சோம்பேறி:
ஐயா, அவரை மறுபடி அட்டவணை போட உட்கார வைத்துவிடாதீர்கள்.