பல்லுக்கும் முகத்துக்கும் வேறு நாடு போகிறீர்களா? டிக்கெட் போடும் முன் இதைப் படியுங்கள்

குடியேறிய நாட்டில் பல் டாக்டர் கொடுத்த எஸ்டிமேட்டைப் பார்த்து மயக்கம் தெளிந்ததும், நம்மில் பாதிப்பேர் போனை எடுத்துத் தேட ஆரம்பித்துவிடுகிறோம். பல்லுக்கு புடாபெஸ்ட், மெக்சிகோ எல்லையில் ‘மோலார் சிட்டி’ என்றே பேர் வாங்கிய லோஸ் அல்கோதோனஸ். முடி நடுவதற்கு இஸ்தான்புல். முகத்துக்கு சியோல், பாங்காக். போகவே கூடாது என்று சொல்ல வரவில்லை. கைதேர்ந்த டாக்டர்கள் அங்கேயும் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் விலை ஏன் அவ்வளவு குறைகிறது என்பதை யோசித்துவிட்டுப் போங்கள். அங்கே சம்பளமும் வாடகையும் குறைவு, சரி. அதோடு, நீங்கள் விமானம் ஏறிய பிறகு வரும் தொல்லை எதுவும் அந்தப் பில்லில் சேர்வதில்லை. ஆகவே “எவ்வளவு ஆகும்?” என்று கேட்பதற்கு முன்னால், “ஆறு மாதம் கழித்துக் கோளாறு வந்தால் யார் பார்ப்பார்கள், யார் செலவில்?” என்று எழுத்தில் கேளுங்கள். மழுப்பலான பதில் வந்தால் அந்த இடத்தை விட்டுவிடலாம்.

அதற்கும் முன்னால், இருக்கும் நாட்டிலேயே உங்களுக்கு என்ன உரிமை இருக்கிறது என்று பாருங்கள். புதிதாக வந்தவர்கள் இதைத்தான் தவறவிடுகிறார்கள். இங்கிலாந்தில் கர்ப்பிணிகளுக்கும், குழந்தை பிறந்து 12 மாதம் ஆகாதவர்களுக்கும் என்எச்எஸ் எனும் அரசு மருத்துவச் சேவையில் பல் சிகிச்சை இலவசம். கனடாவில் 2024-இல் நடைமுறைக்கு வந்த அரசுப் பல் காப்புத் திட்டம் இருக்கிறது: வேறு பல் காப்பீடு கிடைக்காத, வருமான வரம்புக்குள் இருக்கும் குடும்பங்களுக்கு. வருமான வரித் தாக்கல் செய்திருக்க வேண்டும் என்பதால், வருமானம் இல்லாத முதல் வருடத்திலும் தாக்கலை விடாதீர்கள். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் இருப்பவர்களுக்கு 2011-ஆம் ஆண்டு வந்த எல்லை கடந்த சிகிச்சைச் சட்டம் கைகொடுக்கும். ஒன்றியத்தின் இன்னொரு நாட்டில் செய்த சிகிச்சைக்கு, உங்கள் நாட்டில் செய்திருந்தால் காப்பீடு எவ்வளவு தந்திருக்குமோ அந்த அளவுக்குத் திரும்ப வாங்கலாம். ஜெர்மனி போன்ற இடங்களில் கிரவுன் (பல்லை முழுதாக மூடும் உறை), பிரிட்ஜ் (பக்கத்துப் பற்களைப் பிடித்து இடைவெளியை நிரப்பும் செயற்கைப் பல்) வேலைக்கு முன்கூட்டியே சிகிச்சைத் திட்டத்தைக் காட்டி ஒப்புதல் வாங்க வேண்டும். செய்துவிட்டு வந்து நீட்டினால் கை விரிப்பார்கள். பல் மருத்துவக் கல்லூரிகளையும் மறக்காதீர்கள். மாணவர் செய்வார், பேராசிரியர் பக்கத்தில் நிற்பார், நேரம் இழுக்கும், செலவு குறையும்.

விசா விஷயத்தை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். ஒருமுறை நுழைவு விசாவில் வந்தவர்கள், வதிவிட அட்டை புதுப்பிப்பில் மாட்டியிருப்பவர்கள், அகதிப் பயண ஆவணம் வைத்திருப்பவர்கள், திரும்பி வர முடியுமா என்று உறுதி செய்யாமல் நகராதீர்கள். சுற்றுலா விசாவில் போய் சிகிச்சை எடுக்கலாமா என்பதும் நாட்டுக்கு நாடு வேறு.

இப்போது பல். கூட வேலை பார்க்கும் தம்பி ஒருவர், 26 வயது, பல்லில் லேசான மஞ்சளும் முன்னால் ஒரு சின்ன இடைவெளியும். ஒரு கிளினிக்குக்கு வாட்ஸப்பில் செல்ஃபி அனுப்பினார். எக்ஸ்ரே கேட்கவில்லை, ஈறு எப்படி என்று கேட்கவில்லை. டீ ஆறுவதற்குள் பதில் வந்துவிட்டது: மேலே 10, கீழே 10, மொத்தம் 20 ‘வெனீர்’, ஐந்து நாள், ஓட்டல் இலவசம். “அண்ணா, நல்ல ஆஃபர் இல்ல?” என்று போனை நீட்டினார். விவரத் தாளைப் பெரிதாக்கிப் பார்த்தால் ‘சிர்கோனியா கிரவுன்’, அதாவது பீங்கான் மாதிரிப் பொருளில் செய்த உறை, என்று இருக்கிறது. வெனீர் என்பது பல்லின் முன்பக்கத்தில் அரை மில்லிமீட்டர் அளவுக்குச் சீவி ஒட்டும் மெல்லிய தகடு. கிரவுன் வைக்க வேண்டுமானால் பல்லைச் சுற்றிலும் ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் வரை ராவ வேண்டும். கடைசியில் ஈறிலிருந்து நீட்டிக்கொண்டிருப்பது கூம்பு மாதிரி ஒரு குச்சிதான். எனாமல் மறுபடி வளராது. ராவிய பற்களில் சிலவற்றில் உள்ளே நரம்பு செத்து, வேர் சிகிச்சை வரை போகும். நன்றாகச் செய்த கிரவுனே பொதுவாகப் பத்துப் பதினைந்து வருடம்தான் தாங்கும். 26 வயதில் ஆரம்பித்தால் வாழ்நாளில் எத்தனை தடவை மாற்ற வேண்டியிருக்கும் என்று அவரையே எண்ணச் சொன்னேன். கிளிப் போட்டு, பிறகு வெளுக்க வைத்தால் தீரும் விஷயம் அது. சொத்தை இல்லாத பல்லை ராவச் சொல்பவர் எந்த நாட்டில் இருந்தாலும் இரண்டாவது டாக்டரிடம் கேளுங்கள்.

இம்ப்ளான்ட், அதாவது விழுந்த பல்லுக்குப் பதிலாகத் தாடையில் பதிக்கும் செயற்கை வேர், வேறு கதை. டைட்டானியம் திருகைத் தாடை எலும்பு பற்றிப் பிடிக்க மூன்று முதல் ஆறு மாதம் வேண்டும். அந்த ஒட்டுதலைக் கண்டுபிடித்த ஸ்வீடன்காரர் பிரானேமார்க் 1965-இல் முதல் நோயாளிக்கு வைத்ததிலிருந்து எத்தனையோ மாறிவிட்டது, எலும்பின் அவசரமின்மை மட்டும் மாறவில்லை. ‘ஒரே நாளில் முழு வரிசை’ என்று விளம்பரம் செய்பவர்களும் அன்றைக்கு மாட்டுவது பெரும்பாலும் தற்காலிகப் பல்லைத்தான். நிரந்தரப் பல்லுக்கு மாதங்கள் கழித்து மறுபடி போக வேண்டும். ஆகவே இரண்டு பயணச் செலவு, இரண்டு லீவு என்று கணக்குப் போடுங்கள். வைத்த இம்ப்ளான்டின் டப்பாவில் ஒரு சின்ன ஸ்டிக்கர் இருக்கும்: கம்பெனி, மாடல், விட்டம், நீளம், லாட் எண். அதை அட்டையில் ஒட்டிக் கையில் தரச் சொல்லுங்கள். ஒவ்வொரு கம்பெனிக்கும் இணைப்பும் திருகு முடுக்கியும் வேறு. ஸ்ட்ராமன், நோபல் பயோகேர், ஆஸ்டெம் மாதிரி பல நாடுகளில் புழங்கும் பெயர் என்றால், திருகு தளர்ந்தால் நீங்கள் இருக்கும் ஊரிலேயே பாகம் கிடைக்க வாய்ப்பு அதிகம். பேர் தெரியாத ஒன்று என்றால் உள்ளூர் டாக்டர் வாயைப் பார்த்துவிட்டு, “வைத்த இடத்திலேயே கேளுங்கள்” என்பார். நான் அதைக் குறை சொல்ல மாட்டேன்.

அம்மா அப்பாவைக் கூட்டிப் போகிறவர்கள் மருந்துச் சீட்டை முதலிலேயே அனுப்பிவிடுங்கள். சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் காயம் ஆற நாளாகும், இம்ப்ளான்ட் பிடிக்காமல் போகலாம். ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் மாத்திரையைத் தானாக நிறுத்தவும் கூடாது, சொல்லாமல் மறைக்கவும் கூடாது. எலும்புத் தேய்மானத்துக்கு அலென்ட்ரோனேட் வகை மருந்து எடுப்பவர்களுக்குப் பல் பிடுங்கினால் தாடை எலும்பே பட்டுப்போகும் ஆபத்து, அரிது என்றாலும், உண்டு.

அழகு சிகிச்சையில் நம் தோலுக்கென்று தனியாகச் சில பேச்சு இருக்கிறது. மாநிறமும் கறுப்புமான தோலில் லேசரும், ரசாயனம் தடவி மேல்தோலை உரிக்கும் கெமிக்கல் பீலும் தப்பினால் சூட்டுத் தழும்பும் கறுப்புத் திட்டும் மாதக்கணக்கில் நிற்கும். வெள்ளைத் தோலிலேயே பழகிய கை, அதே அளவில் வைத்துவிடும். முடி நீக்கும் லேசர் என்றால் 1064 நானோமீட்டர் என்டி-யாக் வகை இருக்கிறதா, முதலில் சின்ன இடத்தில் போட்டுப் பார்ப்பார்களா என்று கேளுங்கள். காது குத்திய இடத்தில் தடித்து வளர்ந்த தழும்பு உங்களுக்கோ வீட்டாருக்கோ இருந்தால் அதையும் சொல்லுங்கள். கத்தி படும் இடமெல்லாம் அப்படி ஆகலாம்.

முடி நடுவதில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: தோலைக் கீறுவது டாக்டரா, டெக்னீஷியனா? பின்னந்தலையில் இருக்கும் முடி வங்கிக் கணக்கு மாதிரி, எடுத்தால் எடுத்ததுதான். ஒரே நாளில் அளவுக்கு மீறிச் சுரண்டிவிட்டால், பின்னால் சரி செய்யக் கூட மிச்சம் இருக்காது.

பின்புறத்தில் கொழுப்பு ஏற்றும் பிரேசிலியன் பட் லிஃப்ட் பற்றி மட்டும் நான் வெளிப்படையாகவே தடுப்பேன். கொழுப்பு தசைக்குள் இருக்கும் பெரிய சிரையில் புகுந்தால் நுரையீரலை அடைத்துவிடும். 2018-இல் பிளாஸ்டிக் சர்ஜன் சங்கங்களின் கூட்டுக் குழு, 3,000 பேரில் ஒருவர் வரை இறக்கலாம் என்று எச்சரித்தது. பிறகு முறைகள் திருந்தியிருக்கின்றன. ஆனாலும், தெரியாத ஊரில், தள்ளுபடி விலையில் செய்துகொள்ளும் சிகிச்சை இல்லை அது.

இடத்தைச் சரிபார்ப்பது எப்படி? ஆஸ்பத்திரிகளின் தரத்தைச் சோதிக்கும் சர்வதேச அமைப்பான ஜேசிஐ தரும் முத்திரை ஆஸ்பத்திரியைப் பற்றிச் சொல்லும், உங்களைத் தொடப்போகும் டாக்டரைப் பற்றிச் சொல்லாது. டாக்டரின் முழுப் பெயரை வாங்கி அந்த நாட்டுப் பதிவேட்டில் நீங்களே தேடுங்கள். துருக்கியில் வெளிநாட்டு நோயாளிகளைப் பார்க்கும் இடங்களுக்குச் சுகாதார அமைச்சகத்தின் தனி அங்கீகாரச் சான்றிதழ் வேண்டும். நடுவில் பேசும் ஏஜென்ட் டாக்டர் இல்லை. பணத்தை அவர் கணக்கில் போடாதீர்கள், முழுத்தொகையை முன்கூட்டியும் கட்டாதீர்கள். மயக்க மருந்து யார் கொடுக்கிறார் என்றும் கேட்டாக வேண்டும். 2023-இல் மெக்சிகோவின் மாத்தமோரோஸில் முதுகுத்தண்டில் மயக்க ஊசி போட்டுக் கொழுப்பு உறிஞ்சல் போன்ற சிகிச்சை செய்துகொண்டவர்களுக்குப் பூஞ்சையால் மூளைச்சவ்வுக் காய்ச்சல் வந்து, அமெரிக்காவிலிருந்து போனவர்களில் பலர் இறந்தார்கள்.

சாதாரணப் பயணக் காப்பீடு திட்டமிட்ட சிகிச்சையின் சிக்கல்களை ஏற்காது. அதற்கென்று தனிப் பாலிசி இருக்கிறது, விதிவிலக்குப் பக்கத்தை முதலில் படியுங்கள்.

திரும்பும் டிக்கெட்டை மாற்றக் கூடியதாகப் போடுங்கள். மார்பு, வயிற்று அறுவைக்குப் பிறகு குறைந்தது 10 நாள், முகம், இமை, மூக்குக்கு 7 முதல் 10 நாள் பறக்காமல் இருக்கச் சொல்கிறது அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையமான சிடிசி. இம்ப்ளான்டுக்காக மேல் தாடையில் சைனஸை (மூக்கை ஒட்டிய காற்றறையை) தூக்கி எலும்பு வைத்தவர்கள் டாக்டர் சொல்லும் வரை பறக்கவோ, பலமாக மூக்குச் சிந்தவோ கூடாது. வலி மாத்திரையில் டிரமடாலோ கோடீனோ இருந்தால், அமீரகம் போன்ற நாடுகளில் அனுமதி இல்லாமல் கொண்டுபோனாலே வம்பு. இடைத்தங்கல் இருந்தால் இதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எக்ஸ்ரே, ஸ்கேன், ஆபரேஷன் குறிப்பு, கொடுத்த மருந்துகளின் பெயர், எல்லாவற்றையும் டிஸ்சார்ஜ் அன்றே கோப்பாக வாங்கிவிடுங்கள். பிறகு மெயிலில் அனுப்புகிறோம் என்பதை நம்பிக் கிளம்பாதீர்கள். வந்து சில வாரம் கழித்துத் தையல் போட்ட இடம் சிவந்து கட்டியானால், உள்ளூர் டாக்டரிடம் போய் முதல் வார்த்தையாகவே எந்த நாட்டில், எப்போது, என்ன செய்தீர்கள் என்று சொல்லுங்கள். வழக்கமான ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத மைக்கோபாக்டீரியம் வகைக் கிருமிகள் இப்படி மெதுவாகத்தான் தலைகாட்டும். சொன்னால்தான் அதற்கான பரிசோதனைக்கு எழுதுவார்கள். திட்டுவார்களோ என்று கூச்சப்பட்டு மறைத்தால், பொருந்தாத மாத்திரையிலேயே வாரங்கள் போய்விடும்.