வால்வுத் தொற்றுக்குப் பாதியில் மாத்திரைக்கு மாறலாமா?

திருச்சி_மகன்: அம்மாவுக்கு இதயத்தின் மைட்ரல் வால்வில் கிருமித்தொற்று. பிளட் கல்ச்சரில் (ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை) ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியா வந்தது. 16 நாளாக ஊசி மருந்து. காய்ச்சல் விட்டுப் பத்து நாளாகிறது, ஆனால் இரண்டு கையிலும் நரம்பு கிடைக்கவில்லை, ஒவ்வொரு முறை குத்தும்போதும் அழுகிறார். நான்கு வாரமும் ஊசிதான் என்கிறார்கள். மீதி நாளுக்கு மாத்திரை கேட்டால் தவறா?

நெல்லை_டாக்டர்: தவறே இல்லை, கேளுங்கள். டென்மார்க்கில் போயட் என்ற ஆய்வு நடந்தது, 2018-ல் வெளியானது. நிலை சீரான 400 பேர். எல்லாருக்கும் குறைந்தது 10 நாள் ஊசி, அப்புறம் பாதிப் பேருக்கு மாத்திரை. மரணம், திட்டமிடாத இதய அறுவை, வால்விலிருந்து துணுக்கு பிய்ந்து போய் ரத்தக் குழாயை அடைப்பது, ரத்தத்தில் கிருமி திரும்புவது என நான்கையும் சேர்த்துப் பார்த்தார்கள். ஊசி தொடர்ந்தவர்களில் 12.1 சதவீதம், மாத்திரைக்கு மாறியவர்களில் 9 சதவீதம். ஐந்து வருடம் கழித்துப் பார்த்தபோதும் மாத்திரைக்காரர்கள் பின்தங்கவில்லை.

வார்டு_சிஸ்டர்: டாக்டர், அந்த 400 பேரை 1,954 பேரிலிருந்து பொறுக்கி எடுத்தார்கள் என்பதையும் சொல்லுங்கள். மாற்றுவதற்கு முன் உணவுக்குழாய் வழியாக எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்து, சீழ்க்கட்டி இல்லை என்று உறுதி செய்தார்கள். வீட்டுக்குப் போனவர்களை வாரத்துக்கு இரண்டு மூன்று முறை வரவழைத்துப் பார்த்தார்கள். எங்கள் வார்டிலிருந்து போகிறவர் இரண்டு பஸ் மாறி ஊருக்குப் போவார். காய்ச்சல் இல்லையென்றால் மாத்திரையை நிறுத்திவிடுவார். அப்படி நிறுத்திய ஒருவர் பக்கவாதத்தோடு திரும்பி வந்ததை நான் பார்த்திருக்கிறேன். ஊசி என்றால் நான் போட்டேன் என்று எனக்குத் தெரியும்.

நெல்லை_டாக்டர்: சிஸ்டர், நீங்கள் சொல்வது மாத்திரையின் குறை இல்லை, கண்காணிப்பின் குறை. வால்வில் படியும் கிருமித் திரளுக்குள் ரத்தக் குழாய் கிடையாது, மருந்து உள்ளே ஊறத்தான் வேண்டும், அதற்கு ரத்தத்தில் அளவு உயர்ந்து இருக்க வேண்டும். ஊசியைப் பிடித்துக்கொண்டிருந்ததற்குக் காரணம் அதுதான். ஆனால் லினசோலிட், மாக்சிஃப்ளாக்சசின் போன்ற கிருமிக்கொல்லி மருந்துகள் வாய்வழியாகவே கிட்டத்தட்ட முழுதும் ரத்தத்தில் சேருகின்றன. வாரக்கணக்கில் கிடக்கும் ஊசிக் குழாயும் கிருமிக்கு ஒரு வாசல்தானே? அதையும் கணக்கில் எடுங்கள்.

லேப்_தோழி: ஒன்றை இருவரும் தொடவில்லை. அந்த ஆய்வில் எப்போதும் இரண்டு மருந்தைச் சேர்த்துத்தான் கொடுத்தார்கள். ஸ்ட்ரெப்டோகாக்கஸுக்குக் கொடுத்த ஜோடிகளில் ரிஃபாம்பிசின், லினசோலிட், மாக்சிஃப்ளாக்சசின் எல்லாம் வந்தன. மூன்றும் காசநோய்க்கும் தருபவை. டென்மார்க்கில் காசநோய் அபூர்வம், இங்கே அப்படியில்லை. தெரியாமல் உள்ளே காசநோய் இருந்தால் அது மறைந்துகொண்டு, மருந்துக்கு அடங்காததாக மாறலாம். மாற்றும் முன் எக்ஸ்ரேயாவது பார்க்காமல் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

நெல்லை_டாக்டர்: இதை ஏற்கிறேன். நானே முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

வார்டு_சிஸ்டர்: ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை அம்மா சாப்பிடுகிறாரா என்றும் பாருங்கள் தம்பி. ரிஃபாம்பிசின் அதன் வேலையைக் குறைத்துவிடும், ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் அளவு) இறங்கும். செயற்கை வால்வு உள்ளவருக்கு அது ஆபத்து. லினசோலிட் இரண்டு வாரம் தாண்டினால் ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறையலாம், வாராவாரம் ரத்தம் பார்க்க வேண்டும். இவ்வளவும் நடக்கும் என்றால் நான் எதிர்க்கவில்லை. "மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்புங்கள்" என்பதைத்தான் எதிர்க்கிறேன்.

திருச்சி_மகன்: வார்ஃபரின் இல்லை, சொந்த வால்வுதான். வீடு ஆஸ்பத்திரியிலிருந்து பதினைந்து நிமிடம், வாரம் மூன்று முறை என்னால் கூட்டி வர முடியும். நாளை ரவுண்ட்ஸில் உணவுக்குழாய் எக்கோவையும் எக்ஸ்ரேயையும் பற்றிக் கேட்கிறேன். அவர்கள் முடியாது என்றால்?

வார்டு_சிஸ்டர்: காரணம் கேளுங்கள். காரணம் சரியாக இருந்தால் மீதி பன்னிரண்டு நாளும் அம்மா பக்கத்தில் இருங்கள். கழுத்திலோ மேற்கையிலோ நீண்ட குழாய் ஒன்று வைக்கச் சொன்னால் தினமும் குத்த வேண்டியதில்லை, அதையும் கேளுங்கள்.