உதவி: மூதாட்டி வீட்டில் குடியேறும் அந்தப் பேராசிரியரை எப்படிப் புரிந்துகொள்வது?

மாலைநிழல்: நேற்றுப் பார்த்த பழைய ஆங்கிலப் படத்தில், கொள்ளைக்கூட்டத் தலைவரான பேராசிரியர் கடைசிவரை அந்த மூதாட்டியைத் தம் கையால் கொல்லாதது ஏன்? இரக்கமா, பித்தா? நாளை திரைக்கழகத்தில் பேச வேண்டும்; விரைந்து உதவுங்கள்.

கடலோடி: படத்தின் பெயரையே சொல்லவில்லையே! ‘தி லேடிகில்லர்ஸ்’ என்றால், அலெக் கின்னஸ் நடித்த 1955ஆம் ஆண்டுப் படமா, டாம் ஹாங்க்ஸ் நடித்த 2004ஆம் ஆண்டு மறுஆக்கமா?

வெண்திரை: கின்னஸ் என்றே கொண்டு சொல்கிறேன். பேராசிரியர் மார்கஸ் பித்தர்தான். பிதுங்கும் பற்கள், இழுபடும் நீண்ட கழுத்துத்துணி, கதவுக்கு வெளியே முதலில் தெரியும் நிழல் எல்லாம் அதையே காட்டுகின்றன.

பழையரசிகன்: தோற்றத்தை வைத்து முடிவுகட்டுவது தொடக்கநிலைப் பார்வையாளர் வழக்கம். இயக்குநர் மெக்கெண்ட்ரிக்கே இப்படத்தைப் போருக்குப் பிந்தைய இங்கிலாந்தின் நிலையைக் கேலிசெய்யும் கதையாகப் பின்னாளில் விளக்கியிருக்கிறார். குண்டுவீச்சில் நிலம் தாழ்ந்து, சுவர்ப்படங்கள் நிமிராமல் சாய்ந்தே தொங்கும் அந்த வீடுதான் நாடு. அதை அசைக்க முடியாதவர் மார்கஸ். இதை இங்கு முன்பே எழுதியிருக்கிறேன்.

வெண்திரை: திரைக்கதை எழுதிய வில்லியம் ரோஸ் அமெரிக்கர், கதை கனவில் வந்ததாகச் சொன்னவர். கனவில் எந்த நாட்டின் உருவகம் ஐயா?

பழையரசிகன்: கனவு ரோஸுடையது, படம் மெக்கெண்ட்ரிக்குடையது. இந்த வேறுபாடு தெரியாமல் விவாதிப்பது வீண்.

கடலோடி: கேட்டவரின் கேள்வி அப்படியே நிற்கிறது. எனக்குப்பட்டது இது: மார்கஸுக்குப் பணத்தைவிடத் திட்டத்தின் மீதே காதல். கொள்ளையடித்த அறுபதாயிரம் பவுண்டை ரயில் நிலையத்திலிருந்து அந்த அப்பாவி அம்மையாரைக் கொண்டே எடுத்துவரச் செய்யும் அளவுக்கு அவரைத் திட்டத்தின் ஓர் உறுப்பாகவே கணக்கிட்டவர், உண்மை தெரிந்தபின் அவர் ஆளாக எதிர்த்து நிற்பார் என்பதைக் கணக்கிடவில்லை. கொலைக்குச் சீட்டுப் போடும்போதும் வேலை பிறர் தலையில்தான் விழுகிறது. கூட்டத்தில் எஞ்சிய லூயிஸிடம், அந்த அம்மையாரைக் கொல்லவே முடியாது, என்றென்றும் நம்முடனேயே இருப்பார் என்று மார்கஸ் பேசும் இடத்தில் இரக்கத்தின் சாயலே இல்லை; அச்சமும் வியப்பும்தான் இருக்கின்றன. அந்தக் காட்சியை மறுபடி பாருங்கள்.

வெண்திரை: அச்சம் முற்றினால் பித்து இல்லையா?

மாலைநிழல்: 1955தான். சீட்டுக் காட்சியையும் லூயிஸுடனான உரையாடலையும் எடுத்துக்கொள்கிறேன். நன்றி.

பழையரசிகன்: சாய்ந்த படங்களை விட்டுவிட்டீர்களே?