மகளைக் கொழும்புப் பக்கம் ஒரு சின்னத் தனியார் பல்கலைக்கழகத்தில் சேர்க்க இருக்கிறோம், எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

உவர்மலை அம்மா

எல்லோருக்கும் வணக்கம். மகள் ஏஎல் (உயர்தரப் பரீட்சை) வர்த்தகப் பிரிவில் மூன்று பாடமும் சித்தி. ஆனால் அரச பல்கலைக்கழகத்தில் முகாமைத்துவம் படிக்க இசட் ஸ்கோர் (அனுமதிக்குப் பார்க்கும் புள்ளி) போதவில்லை. இங்கே திருகோணமலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி வளாகத்தில் கிடைத்திருந்தால் வீட்டிலிருந்தே பஸ்ஸில் போய் வந்திருப்பாள், எனக்கும் நிம்மதியாக இருந்திருக்கும். இப்போது கொழும்புக்குப் பக்கத்தில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது. சின்ன இடம்தான். ஒரே கட்டடம், சில நூறு பிள்ளைகள் படிக்கிறார்களாம்.

அவர்கள் தந்த கையேட்டில் எல்லாமே இருக்கிறது. விடுதி, நூலகம், கன்டீன், உளவள ஆலோசனை, தொழில் வழிகாட்டல், விளையாட்டு என்று படத்துடன் போட்டிருக்கிறார்கள். பார்க்கப் போன அன்று எல்லோரும் அன்பாகத்தான் கதைத்தார்கள். ஆனாலும் வீட்டுக்கு வந்த பிறகு மனம் ஆறவில்லை. மகள் இதுவரை எங்களை விட்டுத் தனியாகத் தங்கியதே இல்லை. ஆங்கிலம் வாசித்து விளங்குவாள், பேசத் தயங்குவாள். சிங்களம் கடையில் சாமான் வாங்கும் அளவுக்குத்தான்.

இப்படிப்பட்ட பிள்ளைக்குச் சின்னக் கம்பஸ் சரிவருமா, அல்லது பெரிய இடமாகப் பார்க்க வேண்டுமா? கையேட்டில் போட்டிருப்பது உண்மையில் நடக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? முதல் தவணைப் பணம் கட்ட இன்னும் கொஞ்ச நாள் இருக்கிறது.


மூதூர் தம்பி

அன்ரி, நான் இப்படி ஒரு சின்ன இடத்தில்தான் இரண்டாம் வருடம் படிக்கிறேன். எனக்குப் பிடித்திருக்கிறது. லெக்சரர்களுக்கு எங்கள் பெயர் தெரியும். தொடர்ந்து வகுப்புக்குப் போகாவிட்டால் ஒபிஸில் இருந்து கோல் வரும். வெள்ளிக்கிழமை லெக்சர் ஜும்ஆ நேரத்தோடு இடித்தது. நாங்கள் நாலைந்து பேர் போய்க் கோர்டினேட்டரிடம் கேட்டோம், அடுத்த கிழமையே நேரத்தைத் தள்ளி வைத்தார்கள். பெரிய இடமென்றால் இது இவ்வளவு சுலபமாக நடந்திருக்குமா தெரியாது.

கஷ்டம் எதில் என்றால் நேர அட்டவணையில். எங்களுக்குப் படிப்பிக்கிறவர்களில் நிறையப் பேர் வேறு இடத்தில் வேலை செய்துவிட்டு வருகிறவர்கள். அதனால் லெக்சர் பின்னேரத்தில் விழும், சனி ஞாயிறில் விழும். வெள்ளி இரவு கொழும்புக் கோட்டையில் திருகோணமலை ரயில் ஏறினால் விடிய ஊரில் இறங்கலாம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். சனிக்கிழமை வகுப்பு இருந்தால் எப்படி ஏறுவது? நீண்ட விடுமுறை வந்தால்தான் ஊர். இப்போது முதலாம் வருடம் படிக்கிற ஒருவரிடம் அவர்களுடைய டைம் டேபிளை வாங்கிப் பாருங்கள்.

அப்புறம் கன்டீன். மத்தியானம் சோறு முடிந்ததும் பூட்டிவிடுவார்கள். பின்னேர வகுப்புப் பிள்ளைகளுக்கு வெளிக் கடைதான். மகள் வெள்ளிக்கிழமை மரக்கறி என்றால் பக்கத்தில் சைவக்கடை இருக்கிறதா என்று பார்த்து வையுங்கள்.


அலஸ்தோட்டம் அக்கா

அக்கா, கொழும்புப் பக்கம் ஒரு சின்னத் தனியார் பல்கலைக்கழகத்தில் மாணவர் விவகாரப் பிரிவில் சில வருடம் வேலை செய்தேன். கலியாணத்துக்குப் பிறகு ஊரோடு வந்துவிட்டேன். எங்கள் கிழக்குப் பிள்ளைகள் அங்கே வந்து படுகிற பாட்டைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

சின்ன இடத்தில் ஒரு சேவை என்பது பெரும்பாலும் ஒரே ஒரு ஆள். உளவள ஆலோசனை என்று கையேட்டில் இருப்பது கிழமையில் ஒரு நாள் வந்து போகும் ஒருவராக இருக்கலாம். தொழில் வழிகாட்டல் என்பது பத்துக் கம்பனிகளில் ஆள் தெரிந்த ஒரு சேர். அந்த ஆள் மனமுள்ளவராக இருந்தால் பெரிய பல்கலைக்கழகத்தில் கிடைக்காத கவனிப்பு பிள்ளைக்குக் கிடைக்கும். அவர் வேலையை விட்டுப் போனால் அடுத்தவர் வரும்வரை அந்தச் சேவை கையேட்டில் மட்டும்தான் இருக்கும். ஆகவே "இந்த வசதி இருக்கிறதா" என்று கேட்டுப் பயனில்லை, எங்கேயும் இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். இதைப் பார்க்கிறவர் யார், எந்த நாளில் எத்தனை மணிவரை இருப்பார், அவர் வராத அன்று யாரிடம் போவது? இந்த மூன்றையும் ஒவ்வொன்றுக்கும் கேளுங்கள். பதில் சொல்கிறவர் யோசிக்காமல் சொன்னால் அந்தச் சேவை நடக்கிறது என்று நம்பலாம்.

விடுதிக்கு இதைக் கட்டாயம் கேட்க வேண்டும். நான் இருந்த காலத்தில் மட்டக்களப்புப் பிள்ளை ஒன்றுக்கு இரவில் காய்ச்சல் ஏறியது. வோர்டன் லீவில் ஊருக்குப் போயிருந்தார், அவருக்குப் பதில் ஆள் போட்டிருக்கவில்லை. கூட இருந்த பிள்ளைகள் பயந்துபோய் எனக்குக் கோல் எடுத்தார்கள். ஓட்டோ பிடித்து அரச ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டெங்கு. பிள்ளை சுகமாகிவிட்டாள். ஆனால் தாய் தகப்பன் ஊரிலிருந்து பஸ் ஏறி வந்து சேரும்வரை அந்த வாட்டில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தது எனக்கு இன்னும் மறக்கவில்லை. மேல் மாகாணத்தில் மழை பெய்து ஓய்ந்தால் டெங்கு கூடும், இது அரிதான சம்பவம் என்று நினைத்துவிட வேண்டாம். இரவில் பொறுப்பான ஆள் யார், வாகனம் உண்டா, கிட்டத்து அரச ஆஸ்பத்திரி எது என்று கேட்டு மகளுடைய போனில் பதிந்து வையுங்கள். அரச ஆஸ்பத்திரியில் காசு கேட்கமாட்டார்கள் என்பதும் அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தனியார் ஆஸ்பத்திரிச் செலவை நினைத்து நோயை மறைத்த பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன்.

ஆலோசகர் விஷயம் இன்னும் நுணுக்கமானது. சில சின்ன இடங்களில் பாடம் எடுக்கிற மிஸ்தான் ஆலோசகராகவும் இருப்பார். தன்னுடைய விடைத்தாளைத் திருத்துகிற ஆளிடம் எந்தப் பிள்ளை மனம் திறந்து கதைக்கும்? அது வேறு ஆளா, தமிழில் கதைக்கக் கூடியவரா என்று கேளுங்கள். எங்கள் பிள்ளைகள் "மனம் சரியில்லை" என்று வரமாட்டார்கள். தலையிடி, நித்திரை இல்லை, சாப்பிட முடியவில்லை என்றுதான் வருவார்கள். அதை முதலில் கண்டுபிடிக்கிறவர் பெரும்பாலும் ஒபிஸில் இருக்கிற கிளார்க், அல்லது நூலகர். நீங்கள் போகும்போது அவர்கள் பிள்ளைகளோடு எப்படிக் கதைக்கிறார்கள் என்று கவனியுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுக்கலாம், தமிழிலும் கதைக்கலாம். அதையும் மகளுக்குச் சொல்லி வையுங்கள்.

மொழி. தமிழ் மூலம் ஏஎல் படித்து வந்த பிள்ளைக்கு முதல் செமிஸ்டர்தான் மலை. பாடம் விளங்காமல் போவது குறைவு, விளங்கவில்லை என்று எழும்பிக் கேட்கக் கூச்சப்பட்டே பின்தங்குவார்கள். லெக்சரர் ஆங்கிலத்தில் தொடங்கி நடுவில் சிங்களத்துக்கு மாறும்போது தமிழ்ப் பிள்ளைகள் குனிந்து எழுதிக்கொண்டே இருப்பார்கள். தொடக்கத்தில் ஆங்கில வகுப்பு நடத்துகிறார்களா, அது எத்தனை கிழமை, அதற்கு வேறாகக் காசு உண்டா என்று கேளுங்கள். இதில் சின்ன இடம் ஒரு வகையில் நல்லது. முப்பது பேர் இருக்கிற வகுப்பில் வாய் திறக்காத பிள்ளை கண்ணில் படும், முந்நூறு பேர் இருக்கிற மண்டபத்தில் படாது. உங்கள் மகளுக்குச் சின்ன இடம் சரிவரும் என்று நான் நினைப்பதே இதனால்தான்.

நூலகத்தைப் பற்றி அதிகம் பயப்பட வேண்டாம். பாடப் புத்தகம் எத்தனை பிரதி, பரீட்சைக் காலத்தில் எத்தனை மணிவரை திறப்பார்கள், இணையத்தில் கட்டுரைகள் வாசிக்கும் வசதியை விடுதியில் இருந்தும் பாவிக்கலாமா என்று பார்த்தால் போதும். குறைந்தால் விகாரமகாதேவிப் பூங்காவுக்குப் பக்கத்தில் கொழும்புப் பொது நூலகம் இருக்கிறது, வெளியூர்ப் பிள்ளைகள் நிறையப் பேர் அங்கே போய்ப் படிப்பார்கள்.

பகிடிவதை (ராகிங்) பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனால் மனதில் இருக்கும். 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் தனியார் நிறுவனங்களுக்கும் பொருந்தும். முறைப்பாட்டை யார் வாங்குகிறார் என்று கேட்டு வையுங்கள்.


தம்பலகாமம் அப்பா

தங்கச்சி சொன்னது எல்லாம் சரி. நான் காசுப் பக்கத்தைச் சொல்கிறேன்.

முதலில் பட்டம். இங்கே தனியார் நிறுவனம் தன் பெயரில் பட்டம் வழங்க வேண்டுமென்றால் 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டத்தின் கீழ் அனுமதி பெற்று, அது வர்த்தமானியில் (அரசின் கசெட்டில்) வர வேண்டும். அந்த அனுமதி பட்டத்துக்குப் பட்டம் தனித்தனி. நிறுவனத்துக்கு அனுமதி உண்டு என்று சொன்னால் நின்றுவிடாமல், மகள் படிக்கப் போகிற அதே பட்டத்தின் வர்த்தமானிப் பிரதியைக் கேளுங்கள். உள்ளவர்கள் உடனே எடுத்துக் காட்டுவார்கள்.

என் மகன் படித்தது வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் பட்டம், இங்கேயே ஒரு நிறுவனத்தில். கட்டணத்தில் ஒரு பகுதியை ஸ்டேர்லிங் பவுணில் கட்ட வேண்டும். சேரும்போது அது எங்களுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. 2022இல் 200 ரூபாய் அளவில் நின்ற டொலர் சில மாதங்களில் 350ஐத் தாண்டியபோது பவுணும் சேர்ந்து ஏறியது. கடைசி வருடத்தை மனைவியின் நகையை அடகு வைத்துத்தான் முடித்தோம். தவணையை நீட்டித் தரும்படி கேட்டோம், தர மறுத்துவிட்டார்கள். உங்களுடையது முழுவதும் ரூபாயிலா என்று கேளுங்கள். பாடம் தவறினால் ரிப்பீட் கட்டணம், இடையில் நின்றால் எவ்வளவு திருப்பித் தருவார்கள், பட்டமளிப்புக்கு எவ்வளவு, இதையெல்லாம் எழுத்தில் வாங்குங்கள்.

மஹாபொல உதவித்தொகை இவர்களுக்குக் கிடைக்காது, அது அரச பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்கு. ஆனால் தனியார் நிறுவனங்களில் படிக்கிறவர்களுக்கென்று 2017இல் தொடங்கிய வட்டியில்லாக் கடன் திட்டம் இருக்கிறது. எல்லா நிறுவனமும் எல்லாப் பட்டமும் அதில் இல்லை. பணம் கட்டுவதற்கு முன்பே கல்வி அமைச்சின் அறிவித்தலைப் பாருங்கள்.


உவர்மலை அம்மா

உங்கள் எல்லோருக்கும் மிகவும் நன்றி. தம்பலகாமம் அண்ணா, வர்த்தமானிப் பிரதி கேட்டேன், மின்னஞ்சலில் அனுப்பினார்கள், மகளுடைய பட்டம் அதில் இருக்கிறது. கட்டணம் முழுக்க ரூபாய்தான். ஆனால் விடுதி அவர்களுடையது இல்லையாம். பக்கத்தில் ஒரு வீட்டுக்காரர் பெண் பிள்ளைகளை வைத்திருக்கிறாராம், அதைத்தான் கையேட்டில் விடுதி என்று போட்டிருக்கிறார்கள். வோர்டன் யார் என்று கேட்டதற்கு "வீட்டுக்கார அம்மா பார்த்துக்கொள்வா" என்றார்கள். இதை எப்படி எடுப்பது? மகளுடைய அப்பா வேண்டவே வேண்டாம் என்கிறார்.


அலஸ்தோட்டம் அக்கா

அக்கா, அப்படியென்றால் அது போடிங். போடிங் என்று வெளிப்படையாகப் போட்டிருக்க வேண்டும், கையேட்டில் விடுதி என்று எழுதியது பிழை. அதற்காக இடத்தையே விட வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். நல்ல போடிங் அம்மாமார் வோர்டனை விடப் பொறுப்பாக இருப்பார்கள். ஆனால் அங்கே ஏதும் நடந்தால் கம்பஸ் கை விரித்துவிடும், அதனால் வீட்டை நீங்களே பார்க்க வேண்டும்.

மகளுடைய அப்பாவையும் கூட்டிக்கொண்டு ஒரு வேலைநாளில் பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு போங்கள். வீட்டுக்கார அம்மாவை விட அங்கே இருக்கிற பிள்ளைகளோடு அதிக நேரம் கதையுங்கள். தண்ணீர் வருகிற நேரம், அறைக்கு எத்தனை பேர், பின்னேர லெக்சர் முடிந்து வரும் பாதையில் வெளிச்சம் உண்டா, கேட் பூட்டும் நேரம் அதற்கு ஒத்துவருமா என்று அவர்கள் சொல்வார்கள். வகுப்பு எட்டு மணிக்கு முடிந்து கேட் ஏழு மணிக்குப் பூட்டினால் ஒவ்வொரு நாளும் சண்டை. முற்பணம் எத்தனை மாதம், போகும்போது திருப்பித் தருவார்களா என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அடையாள அட்டைப் பிரதியும் கிராம சேவகரின் வதிவிடச் சான்றிதழும் கேட்பார்கள், இங்கிருந்தே எடுத்துக்கொண்டு போங்கள்.

இன்னொன்று. மிச்சக் கேள்விகளை நீங்கள் கேட்காமல் மகளைக் கொண்டு கேட்பியுங்கள், ஆங்கிலத்தில், மின்னஞ்சலில். எழுத உதவி வேண்டுமென்றால் எனக்குத் தனிச் செய்தி போடச் சொல்லுங்கள். உவர்மலைக்கு நான் அடிக்கடி வருவேன், நேரில் இருந்தும் எழுதிக் கொடுக்கலாம்.