பாடலின் பெயராக ஓர் உதவி எண்: லாஜிக் செய்தது உண்மையில் பயன் தந்ததா?

தென்றல்வழி (கேள்வி):

அமெரிக்க ராப் பாடகர் லாஜிக், 2017 ஏப்ரலில் வெளியிட்ட ஒரு பாடலுக்கு அந்நாட்டுத் தற்கொலைத் தடுப்பு உதவி மையத்தின் தொலைபேசி எண்ணையே (1-800-273-8255) பெயராக வைத்தார். அலெசியா காராவும் காலிதும் உடன் பாடிய அப்பாடல் பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் மூன்றாம் இடம் வரை சென்றது. பிரபலங்கள் மனநலம் பற்றிப் பேசத் தொடங்கும்போதெல்லாம், இதுவும் ஆல்பம் விற்கும் உத்திதானோ என்ற ஐயம் எனக்கு எழுகிறது. அதைவிடப் பெரிய கவலை, ஏற்கனவே மனம் நொந்திருக்கும் ஒருவரை இத்தகைய பாட்டு மேலும் தவறான பக்கம் தள்ளிவிடுமோ என்பது. இது குறித்து முறையான ஆய்வு ஏதேனும் நடந்திருந்தால், அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன்.

ஏட்டுச்சுவடி:

நடந்திருக்கிறது. வியன்னா மருத்துவப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாமஸ் நீடர்க்ரோட்டென்தாலர் தலைமையிலான குழுவின் ஆய்வு 2021 டிசம்பரில் பி.எம்.ஜே. மருத்துவ இதழில் வெளிவந்தது. பாடல் வெளியான நாட்கள், 2017 ஆகஸ்டில் எம்.டி.வி. விருது மேடையில் அது பாடப்பட்ட நாட்கள், 2018 ஜனவரியில் கிராமி மேடையேறிய நாட்கள் என, மக்களின் கவனம் உச்சத்தில் இருந்த 34 நாட்களை அவர்கள் எடுத்துக்கொண்டனர். பருவத்துக்கேற்ப இயல்பாக வரும் ஏற்ற இறக்கங்களைக் கழித்த பிறகும், அந்நாட்களில் உதவி மையத்துக்கு எதிர்பார்த்ததைவிட 9,915 அழைப்புகள் கூடுதலாக வந்திருந்தன, அதாவது 6.9 விழுக்காடு உயர்வு. அதே நாட்களில் தற்கொலைகள் எதிர்பார்த்த எண்ணிக்கையைவிட 245 குறைந்திருந்தன.

தங்கள் பெரிய கவலைக்கான விடை பாடலின் அமைப்பிலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன். வாழ விருப்பமில்லை என்று சொல்லும் ஒருவரின் குரலில் பாடல் தொடங்குகிறது. நடுவில் தொலைபேசியை எடுத்தவரின் குரல் வருகிறது. முடிவில், அழைத்தவருக்கே வாழும் விருப்பம் திரும்புகிறது. மரணத்தை விவரித்து அழகுபடுத்தும் செய்திகள் பிறரையும் அவ்வழியில் இழுக்கக்கூடும் என்பது நெடுநாளாக அறியப்பட்டதே. நெருக்கடியிலிருந்து மீண்டவரின் கதை அதற்கு நேர்மாறாகக் காக்கும் என்று, இதே ஆய்வாளர் வேறு சிலரோடு சேர்ந்து 2010-லேயே எழுதியிருந்தார்.

உப்பங்கழி:

எண்களைச் சற்று நிதானமாகப் படிக்க வேண்டும் என்பது என் கருத்து. 245 என்பது நடு மதிப்பீடு மட்டுமே; 36 முதல் 453 வரை எதுவாகவும் இருக்கலாம் என்பதையும் அதே ஆய்வுக் கட்டுரை கூறுகிறது. பாடலும் குறைவும் ஒரே காலத்தில் நிகழ்ந்தன என்பதால், ஒன்றால்தான் மற்றொன்று நிகழ்ந்தது என்று அறுதியிட்டுச் சொல்லிவிட முடியாது. அழைத்தவர்களும் உயிர் பிழைத்தவர்களும் ஒரே ஆட்கள்தாமா என்பதையும் இவ்வகை ஆய்வால் காட்ட இயலாது.

என்னைக் கேட்டால், பாடகரின் உள்நோக்கத்தை ஆராய்வதைவிட, கவனம் எத்தனை நாள் நிற்கிறது என்பதைப் பார்ப்பதே பயனுள்ளது. விருது மேடையின் வெளிச்சம் சில வாரங்களில் மங்கிவிடும். அமெரிக்கப் பாடகி லேடி காகா தம் தாயாருடன் சேர்ந்து 2012-இல் தொடங்கிய அறக்கட்டளை, மனம் தளர்ந்த நண்பனிடம் எப்படிப் பேசுவது என்ற பயிற்சியை அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளுக்குக் கொண்டுசெல்வதில் பங்கெடுத்தது. பரபரப்பில்லாத வேலைதான், ஆனால் எனக்கு அதன்மீதே மதிப்பு அதிகம்.

அகல்விளக்கு:

உதவி எண் ஒன்றில் தன்னார்வலராக இருந்தவன் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். அழைப்பவர்களில் பலர் முதலில் எதுவும் பேசுவதில்லை. மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும், பிறகு "சும்மாதான் போட்டேன்" என்பார்கள். மறுமுனையில் இருப்பவர் திட்டுவாரோ, போலீசுக்குச் சொல்லிவிடுவாரோ என்ற அச்சமே அவர்களை எண்ணை அழுத்தவிடாமல் தடுக்கிறது. லாஜிக்கின் பாடல், அந்த மறுமுனைக் குரல் எப்படி இருக்கும் என்பதை முன்கூட்டியே கேட்கவைத்துவிடுகிறது. பாட்டு வரிகளில் எங்கும் எண் வருவதில்லை, தலைப்பில் மட்டுமே இருக்கிறது. பாட்டைத் தேடுகிறவர் கண்ணில் எண்ணும் பட்டுவிடும். விழிப்புணர்வு கொள்ளுங்கள் என்று பொதுவாகச் சொல்லும் நூறு பதிவுகளைவிட இது மேல்.

ஆனால் அழைப்பு கூடினால் எடுக்க ஆள் வேண்டும். அமெரிக்காவில் அந்த அழைப்புகள் உள்ளூர் மையங்களுக்குப் பிரித்து அனுப்பப்படுகின்றன. அங்கே ஆள் இல்லையென்றால் வேறு மையத்துக்குப் போகும், அழைத்தவர் காத்திருப்பார். ஆகவே இனி எந்தக் கலைஞராவது இப்படி ஓர் எண்ணைப் பாடலில் வைப்பதாக இருந்தால், மையத்துக்கு முன்னதாகவே சொல்லிவிட்டு, வருமானத்தில் ஒரு பங்கை அங்கே ஆள் அமர்த்தவும் கொடுக்கட்டும்.

மற்றொரு செய்தி: அமெரிக்காவில் 2022 ஜூலை முதல் 988 என்ற மூன்று இலக்க எண் நடைமுறைக்கு வந்துவிட்டது, பாடலின் தலைப்பிலுள்ள பழைய எண்ணும் அதே சேவைக்குத்தான் செல்கிறது. இந்தியாவில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு, டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவிச் சேவையின் எண் 14416, தமிழிலேயே பேசலாம்.